வாசகர் கேள்வி–பதில்: சுறாவின் கணக்கு வேறு

கேள்வி: நீந்துவதை நிறுத்தினால் சுறா செத்துவிடுமாமே?

பெருவெள்ளைச் சுறாவும் மாக்கோ சுறாவும் அப்படித்தான். அவை முன்னே நீந்தினால்தான் செவுளுக்குள் தண்ணீர் ஓடும். நர்ஸ் சுறாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. வாயை அசைத்தே தண்ணீரை இழுத்துச் செவுள் வழியே தள்ளிக்கொண்டு, கடலடியில் சும்மா படுத்திருக்கும்.

கேள்வி: ஒரு சொட்டு ரத்தம் போதும், பல மைல் தள்ளியிருக்கும் சுறாவும் வந்துவிடும் என்பது உண்மையா?

மிகை. வாடையை நீரோட்டம்தான் சுமந்துபோக வேண்டும். போகப்போக அது கரைந்துவிடும். மோப்பத்தைவிட வியப்பானது சுறாவின் மூக்கடியில் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு துளை, உள்ளே கூழ் நிரம்பிய குழல். இத்தாலிய மருத்துவர் லோரென்சினி 1678-ல் இவற்றை விவரித்தார்; எதற்காக என்பது 20-ஆம் நூற்றாண்டில்தான் பிடிபட்டது. மணலில் புதைந்து கிடக்கும் மீனின் உடலிலிருந்து கசியும் மின்சாரத்தை உணரத்தான். சென்டிமீட்டருக்கு 5 நானோவோல்ட் இருந்தாலே போதும். ஒரு வோல்ட்டை 20 கோடிக் கூறு போட்டால் அதில் ஒன்று!

கேள்வி: எல்லா மீனையும்தான் பிடிக்கிறோம். சுறாவுக்கு மட்டும் ஏன் தனிப் பாதுகாப்பு?

காட் மீன் ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டை போடும். பெருவெள்ளைச் சுறா சுமார் ஓராண்டு சுமந்து 2 முதல் 10 குட்டி வரை ஈனும். பெண் சுறா குட்டி ஈனும் வயதுக்கு வரவே ஏறக்குறைய 30 ஆண்டு பிடிக்கும். மணல்புலிச் சுறாவுக்கு இரண்டு கருப்பைகள். ஒவ்வொன்றிலும் முதலில் வளர்ந்த குட்டி தன் உடன்பிறப்புகளைத் தின்றுவிடுவதால் வெளியே வருவது மொத்தம் இரண்டே. கிரீன்லாந்துச் சுறா இன்னும் மோசம், இனப்பெருக்க வயதை எட்டவே சுமார் 150 ஆண்டு.

மீன் என்று பெயரே தவிர, பெருகும் வேகத்தில் யானையோடுதான் இவற்றைச் சேர்க்க வேண்டும். 1970-க்கும் 2018-க்கும் இடையில் பெருங்கடல் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 71 விழுக்காடு சரிந்தது.

துடுப்பை அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசுவதற்குப் பல நாடுகளில் தடை உண்டு. உடலோடு துடுப்பு ஒட்டியபடியே கரைக்கு வரவேண்டும் என்ற விதி நல்லது: முழு உடலால் படகில் இடம் அடைபடுவதால் அதிகம் பிடிக்க முடியாது, எந்த இனம் என்பதும் தெரியும். ஆனால் அது மட்டும் போதாது. தடைகள் பரவிய 2012–2019 காலத்திலும் ஆண்டுக்குக் கொல்லப்பட்ட சுறாக்கள் 7.6 கோடியிலிருந்து 8 கோடியாகத்தான் கூடின. முழுச் சுறாவையும் கொண்டுவந்து இறைச்சியாக விற்றால் அந்த விதி என்ன செய்யும்? பிடிக்கும் அளவுக்கே வரம்பு வேண்டும்.

கேள்வி: வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் சுறா சிக்கினால் பிழைக்க வைப்பது எப்படி?

படகில் ஏற்றாதீர்கள், படம் எடுக்கக்கூட. சுறாவுக்கு விலா எலும்புக் கூடு கிடையாது. தண்ணீருக்கு வெளியே அதன் எடையே உள்ளுறுப்புகளை நசுக்கும். வாலைப் பிடித்துத் தொங்கவிட்டால் முதுகெலும்பின் குருத்தெலும்புக் கணுக்கள் விலகும். கொக்கியால் குத்துவதும் செவுளில் விரல் விடுவதும் கூடவே கூடாது.

தூண்டில் முள் வாயோரத்தில் இருந்தால் நீண்ட கைப்பிடியுள்ள கருவியால் கழற்றலாம். விழுங்கியிருந்தால் இழுக்காமல் தூண்டில் நரம்பை (கயிற்றை) முள்ளுக்கு ஒட்டி நறுக்குங்கள். ஒரு முழம் விட்டால்கூட அது செவுளிலும் துடுப்பிலும் சுற்றும். நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள் பெரும்பாலும் தாடையோரத்தில்தான் மாட்டும். துருப்பிடிக்கும் இரும்பில் இருந்தால் நாளடைவில் உதிர்ந்தும் போகும்.

களைத்த சுறாவை நீரோட்டத்தை எதிர்த்துத் தலை இருக்கும்படி பிடியுங்கள், பின்னோக்கி இழுக்காதீர்கள். நீந்திப் போனதாலேயே பிழைத்தது என்று சொல்ல முடியாது. நெடுநேரம் போராடியதில் ரத்தத்தில் அமிலம் ஏறி, கொம்பன் சுறா (சுத்தியல் தலைச் சுறா) பல மணி நேரம் கழித்துக்கூடச் சாகும். அதனால் மெல்லிய நரம்பில் விளையாட்டுக் காட்டாமல், வலுவான நரம்பில் சீக்கிரம் இழுத்துச் சீக்கிரம் விடுவதே மேல்.

கேள்வி: கடலுக்கே போகாத நான் என்ன செய்யலாம்?

முகப்பூச்சின் அட்டையைப் படியுங்கள். ‘ஸ்குவாலீன்’, ‘ஸ்குவாலேன்’ என்றிருந்தால் அது சுறா ஈரல் எண்ணெயாகவும் இருக்கலாம், ஆலிவ் அல்லது கரும்பிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். தாவரம் என்று எழுதியிருக்காவிட்டால் தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.