பூர்வ வாசனை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்கு ஐந்து வயது. எங்கே பாட்டுக் கேட்டாலும் தொடையில் தட்டிச் சரியாகத் தாளம் போடுகிறான். எங்கள் இரண்டு குடும்பத்திலும் சங்கீதம் தெரிந்தவர்கள் இல்லை. ‘பூர்வ வாசனை’ என்கிறார் என் மாமியார். மூக்கு அறிகிற வாசனைக்கும் மனத்தின் நாட்டத்துக்கும் என்ன உறவு? ‘இயல்பூக்கம்’ என்று சொன்னால் பொருந்துமா?

எம்.

அன்புள்ள எம்.,

பொருந்தாது. இயல்பூக்கம் உடம்போடு பிறப்பது, தூக்கணாங்குருவி கூடு பின்னுவதைப் போல. வாசனை வெளியிலிருந்து வந்து ஏறுவது.

சமஸ்கிருத அகராதிக்காரர்கள் இந்தச் சொல்லை இரண்டாகப் பிரிப்பார்கள். தங்குதல் என்று பொருள்படும் ‘வஸ்’ என்ற வேரிலிருந்து வந்தது மனத்தில் தங்கிய பதிவு; மணமூட்டுதலைக் குறிக்கும் வாசனை தனிச் சொல். தமிழில் வனவாசமும் பூவாசமும் ஒரே வாசமாகிவிட்டன. பௌத்தர்களும் இரண்டையும் சேர்த்தே பார்த்தார்கள். யோகாசாரம் என்ற பௌத்தப் பிரிவின் ஆசிரியர் அசங்கர் எள்ளை உவமை காட்டுகிறார். பூவோடு கிடந்த எள்ளில், பூ வாடி மறைந்த பிறகும் மணம் இருக்கிறது. அதுபோல, செய்த செயல் முடிந்துபோனாலும் அதன் மணம் ‘ஆலய விஞ்ஞானம்’ என்னும் அடிமனத்தில் நிற்கிறது. தைலக்காரர்களின் வேலையே இதுதான். எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காகப் பரப்பி, வாடிய பூவை நீக்கிப் புதுப்பூ இட்டு, மணம் ஏறிய பிறகே செக்கில் ஆட்டுவார்கள். சீனத்துக்கு இந்தச் சொல் போனபோது, புகையூட்டல், பழக்கம் என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதினார்கள். அழகான மொழிபெயர்ப்பு.

பதஞ்சலியின் யோக சூத்திரத்திலும் வாசனை உண்டு. ரமணரின் ‘நான் யார்?’ விஷய வாசனைகளைப் பேசுகிறது. உங்கள் மாமியாரின் சொல் இந்த வழியில் வந்தது. ஆனால் ‘படிப்பு வாசனையே இல்லாதவன்’ என்று திட்டும்போது நாம் முற்பிறவியை நினைப்பதில்லை. பள்ளிக்கூடத்தின் பக்கம் அவன் ஒதுங்கவில்லை, அவ்வளவுதான்.

என் அம்மா பட்டுச்சேலைகளுக்கு நடுவே தாழம்பூ மடல் வைப்பார். பெட்டியைத் திறந்தால் மடல் சருகாகியிருக்கும், சேலை மணக்கும். எந்த வருடத்துப் பூ என்று அம்மாவுக்கே நினைவிருக்காது.

ஆகவே, உங்கள் மகன் பகலில் எந்த ஜன்னலோரம் விளையாடுகிறான், அங்கே யார் வீட்டு ரேடியோ கேட்கிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். மாமியாரிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.