கட்டிப்போடாமல் அமைதிப்படுத்த முடியுமா?

கேள்வி: மனநலப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். கொந்தளிக்கும் நோயாளிகளைக் கட்டிப்போடாமல் பேசியே அமைதிப்படுத்துவதற்கு எங்களுக்குப் பயிற்சி தரப்போவதாக நிர்வாகம் அறிவித்திருக்கிறது. கையை ஓங்கி வருபவரிடம் பேச்சு எடுபடுமா? அடி வாங்கப்போவது நாங்கள்தானே?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால், ஓங்கிய கையைப் பேச்சால் தடுப்பது இப்பயிற்சியின் முதன்மை நோக்கம் அன்று. அதற்கு முன்னால் கழியும் நிமிடங்களே அதன் களம். நோயாளி குறுக்கும் நெடுக்குமாக நடக்கத் தொடங்குவது, குரல் உயர்வது, கை முஷ்டியாக மடங்குவது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது ஆகியவற்றை உடனே கவனித்து அணுகினால், பெரும்பாலும் கை ஓங்கும் கட்டமே வராது.

வகுப்பில் உட்கார்ந்து கேட்பதால் மட்டும் இத்திறன் வராது. நடித்துப் பழக வேண்டும். ஒருவர் நோயாளியாக நடித்து, வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வேண்டும் என்று கத்துவார். “இப்போது முடியாது, போய்ப் படுங்கள்” என்பது களைத்த ஊழியரின் வாயில் தானாக வரும் பதில். “வீட்டில் இருப்பவர்களை நினைத்துக் கவலையாக இருக்கிறது போலும். மருத்துவர் வந்து பார்த்துச் சென்றதும் நானே தொலைபேசியைக் கொண்டுவருகிறேன். அதுவரை இங்கே உட்காருகிறீர்களா, சற்று நடக்கிறீர்களா?” என்று கேட்கப் பழகுவதே பயிற்சி. சொன்னபடி தொலைபேசியைக் கொண்டுவராவிட்டால் அடுத்த முறை உங்கள் சொல் செல்லாது. இரண்டு கை நீளமாவது தள்ளி, சற்றுப் பக்கவாட்டில், உள்ளங்கை தெரியும்படி நிற்பதும், இருவரில் எவரும் வெளியேறும் வழியை மறைக்காமல் இருப்பதும், ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடாமல் இருப்பதும் உங்கள் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான்.

ஊழியர்களுக்குக் காயம் ஏற்படுவது நோயாளியை அமுக்கிப் பிடிக்கும் போராட்டத்திலும்தான் என்பதை மறந்துவிடுகிறோம். கட்டிப்போடாமல் கவனிப்பது புதுமையான எண்ணமும் அன்று. 1839இலேயே இங்கிலாந்தின் ஹான்வெல் மனநல விடுதியில் ஜான் கொனொலி என்ற மருத்துவர் கட்டும் கருவிகளின் பயன்பாட்டைக் கைவிட்டார். அதே நாட்டில் 15 மருத்துவமனைகளின் 31 பிரிவுகளில் ‘சேஃப்வார்ட்ஸ்’ என்னும் முறையைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், மோதல்கள் 15 விழுக்காடும், பிடித்து வைத்தல், தனியறையில் அடைத்தல் போன்ற கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் ஏறத்தாழ 26 விழுக்காடும் குறைந்தன. மென்மையாகப் பேசுவது, கெட்ட செய்தியைப் பக்குவமாகத் தெரிவிப்பது, நோயாளியும் ஊழியரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது போன்ற எளியவையே அம்முறையின் கூறுகள்.

கேள்வி: எல்லா முயற்சியும் தோற்றுவிட்டால்?

பதில்: உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் கடைசி வழியாகப் பிடித்து நிறுத்தலாம், அதுவும் மிகக் குறைந்த நேரத்துக்கே. குப்புறப் படுக்கவைப்பதும் மார்பிலோ முதுகிலோ அழுத்துவதும் மூச்சை அடைத்து உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால், மூச்சையும் முகத்தின் நிறத்தையும் கண்காணிப்பதற்கென்றே ஒருவர் நிற்க வேண்டும். பிறகு, எந்தச் சொல்லில் அல்லது எந்த மறுப்பில் அது தொடங்கியது என்பதை ஊழியர்களிடமும், மனம் தெளிந்தபின் நோயாளியிடமும் தனித்தனியே கேட்டு எழுதிவைக்க வேண்டும். பழி சுமத்தும் விசாரணையாக இது மாறினால் எவரும் உண்மை பேசமாட்டார். பயிற்சியைப் பற்றி நிர்வாகத்திடம் பேசும்போது, மருத்துவர்களும் காவலர்களும் இரவுப் பணியாளர்களும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். செவிலியர்களுக்கு மட்டும் என்றால் உங்கள் சந்தேகத்தை நானும் பகிர்ந்துகொள்வேன்.