ஃபெல்ட், மொசைக்: பறவை செய்யப் பழக எதில் தொடங்கலாம்?

"ஃபெல்டிலும் மொசைக்கிலும் பறவைகள் செய்ய ஆசை. முதலில் எதைத் தொடலாம்? இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் வேலை என்கிறார்களே" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

வீட்டில் மேசையின் ஒரு மூலை, ஒரு கத்தரிக்கோல், ஒரு ஊசி, இவ்வளவுதான் கையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் ஃபெல்டில், அதாவது நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த துணியில், தொடங்குங்கள். தவறாகப் போனால் தையலைப் பிரித்துவிடலாம். துணியின் ஓரம் நூல் நூலாகப் பிரியாது என்பதால் மடித்துத் தைக்கவும் வேண்டாம். இரண்டு பக்கத் துண்டுகளை மட்டும் சேர்த்துத் தைத்தால், எவ்வளவு பஞ்சு அடைத்தாலும் தலையணை மாதிரிதான் இருக்கும். வயிற்றுக்கு அடியில் இலை வடிவில் மூன்றாவது துண்டு ஒன்று கொடுங்கள், மார்பு உருண்டு எழும். பஞ்சைச் சிறு துணுக்குகளாக்கி, அலகு நுனிக்கும் வால் நுனிக்கும் முதலில் தள்ளுங்கள். உடம்பை அப்புறம் அடைக்கலாம்.

மொசைக்கில், அதாவது டைல், கண்ணாடித் துண்டுகளை ஒட்டிப் படமாக்கும் வேலையில், நான் பட்டதைச் சொல்கிறேன். என் தோழி வீட்டு வெளிச்சுவருக்காக ஒரு மீன்கொத்தி செய்தேன். மீன்கொத்தி முதுகின் நீலம் நிறமியால் வருவதல்ல, இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் வருவது. அதனால் வெளிச்சம் விழும் விதத்தைப் பொறுத்து அது மாறித் தெரியும். ஒரே நீல டைலால் அதைக் கொண்டுவர முடியாது என்று மூன்று நீலக் கண்ணாடித் துண்டுகளைக் கலந்தேன். தலையிலிருந்து வால்வரை இறகு போகும் திசையிலேயே வரிசை போட்டேன். பல வாரம் பிடித்தது. ஆனால் ஒட்டியது பிளைவுட் பலகையில், வெள்ளை பிவிஏ பசையால். முதல் மழைக்காலத்திலேயே பலகை ஊதிவிட்டது, பசை இளகிவிட்டது. அலகு முதலில் விழுந்தது, பிறகு சிறகு. தோழி ஒன்றையும் வீசாமல் ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்று அழுதேன்.

சாதாரண பிவிஏ பசை தண்ணீரில் இளகும், வீட்டுக்குள் மாட்டுவதற்கு மட்டும் சரி. வெளியே மாட்டுவதானால் சிமென்ட் பலகையும் சிமென்ட் கலந்த டைல் பசையும் வேண்டும். துண்டுகளுக்கு இடையிலான இடைவெளியை நிரப்பும் பூச்சுக்குக் கிரௌட் என்று பெயர். அந்த இடைவெளி 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மணல் கலக்காத கிரௌட் போதும். துண்டுகளின் மேல் வெளிறிப் படியும் கிரௌட்டை, அது முழுவதும் இறுகும் முன்பே ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். துண்டு வெட்டும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், கிரௌட் பொடி கலக்கும்போது முகக்கவசமும் வேண்டும். இதில் எனக்குப் பயிற்சிப் பட்டம் எதுவும் கிடையாது. "என் பிவிஏ பறவை வெளியில் பல வருஷமாக நிற்கிறது" என்று சொல்ல வருபவர்கள் சொல்லலாம், அவர்கள் சுவரில் அது நனையாமல் இருந்திருக்கும். நான் சொல்வது என் கையால் பட்டது.

சரி, அந்த "சின்னப் பிள்ளைகள் வேலை". ஒருமுறை ஒரு கண்காட்சிக்கு ஏழு ஃபெல்ட் பறவைகள் கொடுத்தேன். பெரியவர்கள் பிரிவுக்குத்தான் பெயர் கொடுத்திருந்தேன். போய்ப் பார்த்தால் சிறுவர் கைவேலை மேசையில், வண்ணக் காகிதப் பூக்களுக்கு நடுவில் வைத்திருந்தார்கள். "துணி பொம்மைதானே" என்றார் பொறுப்பாளர். இன்றும் மனசு ஆறவில்லை. சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில், பசிரிக் என்ற இடத்தின் பழங்காலக் கல்லறை ஒன்றை 1949-இல் ருடென்கோ என்ற தொல்லியலாளர் தோண்டியபோது, உள்ளே அடைத்துத் தைத்த ஃபெல்ட் அன்னங்கள் கிடைத்தன. 2,000 ஆண்டுகளுக்கும் மேலாக உறைபனிக்குள் கெடாமல் இருந்தவை அவை. இன்று ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு தலைவனின் கல்லறையில் வைக்கத் தகுந்த வேலையாக அன்று அதை மதித்திருக்கிறார்கள். அந்தப் பொறுப்பாளரிடம் இதைச் சொல்ல அப்போது எனக்குத் தெரியவில்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

மீன்கொத்தியை அந்த டப்பாத் துண்டுகளை வைத்தே சிமென்ட் பலகையில் மறுபடி செய்தேன். இப்போது அதே சுவரில் இருக்கிறது.

நீங்கள் முதலில் சிட்டுக்குருவியை எடுங்கள். கழுத்து குட்டை, உடம்பு உருண்டை, அடைப்பது எளிது. கொக்கு வேண்டாம், காலுக்குள் கம்பி வைத்து நிறுத்த வேண்டியிருக்கும், அதை நாலைந்து பறவை செய்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.