14-வது மாடியில் நடக்க முடியாத அம்மா: தீப்பிடித்தால் என்ன செய்வது?

கேள்வி: 22 மாடிக் கட்டடத்தில் 14-வது மாடியில் வசிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு படி இறங்க முடியவில்லை. கட்டடத்தில் தீப்பிடித்தால் அவரை எப்படிக் கீழே கொண்டுபோவது என்று பயமாக இருக்கிறது. பால்கனியில் மாட்டும் கயிற்றேணி, புகை முகமூடி, தீயணைப்பான் மூன்றையும் ஒரு செட்டாகத் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். வாங்கலாமா?

பதில்: கயிற்றேணியை மறந்துவிடுங்கள். அந்த உயரத்தில், காற்றில் ஆடும் ஏணியில் நல்ல திடமான ஆளே இறங்க முடியாது. இதை ஒரு பெரியவருக்காக விற்க வருகிறார் என்றால், அந்த ஆளிடம் வேறு எதையும் வாங்காமல் இருப்பதே நல்லது.

முதலில் ஒரு ஆறுதல். தீ வேறு வீட்டில் பிடித்திருந்தால், பெரும்பாலும் அம்மாவை 14 மாடி இறக்க வேண்டிய அவசியம் வராது. ஒழுங்காகக் கட்டிய அடுக்குமாடியில் ஒரு வீட்டில் பிடித்த தீ குறிப்பிட்ட நேரமாவது அந்த வீட்டுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும்படிதான் சுவர், தளம், வாசல் கதவு எல்லாம் அமைக்கப்படுகின்றன. கதவுகளுக்கு 30 நிமிடம், 60 நிமிடம் என்று தாங்குதிறன் கணக்கே உண்டு. அதற்குள் தீயணைப்புப் படை வந்துவிட வேண்டும் என்பது திட்டம். அதனால் தீ 6-வது மாடியில் இருக்கிறது, உங்கள் வீட்டில் புகையும் இல்லை, சூடும் இல்லை, வெளியேறச் சொல்லி அறிவிப்பும் வரவில்லை என்றால், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதுதான் அம்மாவுக்குப் பாதுகாப்பு. பதறிப்போய் அவரைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினால், புகைக்குள் நீங்களே கொண்டுபோய் விட்டதாகிவிடும்.

ஆளைக் கொல்வது அநேகமாக நெருப்பு அல்ல, புகை. அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கொஞ்ச நேரம் சுவாசித்தாலே மயக்கம் வந்துவிடும். ஈரத்துணி அதை வடிகட்டாது. செட்டில் வருகிற முகமூடி கார்பன் மோனாக்சைடைத் தடுக்கும் என்று எந்தத் தரச்சான்று சொல்கிறது என ஏஜென்டிடம் கேளுங்கள். பதில் வராது.

2022 ஜனவரியில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில் மின்சார ஹீட்டரால் ஒரு வீட்டில் தீப்பிடித்தது. நெருப்பு அந்த வீட்டையும் அதை ஒட்டிய நடைபாதையையும் பெரிதாகத் தாண்டவில்லை. ஆனாலும் 17 பேர் இறந்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் வெளியே ஓடியபோது, தானாகச் சாத்திக்கொள்ள வேண்டிய கதவு சாத்தவில்லை. மேலே ஒரு மாடியில் படிக்கட்டுக் கதவும் திறந்து கிடந்தது. படிக்கட்டு முழுவதும் புகைபோக்கியாகிவிட்டது.

ஆகவே இன்று சாயங்காலமே உங்கள் வாசல் கதவைப் பாருங்கள். ஒரு சாண் அளவு திறந்து கையை எடுங்கள். தானாகப் போய்ச் சாத்தி, தாழ் 'டக்' என்று விழ வேண்டும். விழவில்லையா? மேலே இருக்கும் டோர் குளோசரைச் சரிசெய்யுங்கள். குளோசரே இல்லையா? அப்படியானால் இன்டீரியர் கான்ட்ராக்டர் யாராவது உள்ளே புகுந்திருக்கலாம்.

இந்த ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீடு கைக்கு வந்த முதல் மாதமே, "சார், இந்தக் கதவு ஆபீஸ் கதவு மாதிரி இருக்கு" என்று சொல்லி, தீ தாங்கும் கதவைக் கழற்றி, வேலைப்பாடு செய்த மரக்கதவை மாட்டிவிடுவார்கள். கதவு விளிம்பில் ஒரு பட்டை இருக்கும். சூடு ஏறினால் உப்பி இடுக்கை அடைக்கும். அதையும் 'அசிங்கமாக இருக்கிறது' என்று உரித்துவிடுவார்கள். அடுத்து இன்டர்நெட் கேபிள் போட வருகிறவர். குழாயும் கேபிளும் மாடிக்கு மாடி ஏறும் டக்ட்டின் சுவரில் ஓட்டை போடுவார், கேபிளை இழுப்பார், போய்விடுவார். அந்த ஓட்டையைத் தீ தடுக்கும் பூச்சால் மூட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இப்படி மாடிக்கு நாலு ஓட்டை இருந்தால், கான்கிரீட் எவ்வளவு கனமாக இருந்து என்ன பயன்?

இதையெல்லாம் பிடிக்கத்தானே ஆண்டு ஆய்வு இருக்கிறது என்பீர்கள். ஆய்வுத் தேதி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அன்று காலை படிக்கட்டுக் கதவுகளுக்கு முட்டுக்கொடுத்த செங்கல், செருப்பு ஸ்டாண்டு, உடைந்த சைக்கிள் எல்லாம் மாயமாகும். மறுநாள் திரும்பி வரும். தீயணைப்பு பம்ப் தானாக ஓடும்படி 'ஆட்டோ'வில் இருக்கிறதா, கையால் இயக்கும்படி 'மேனுவல்'லில் இருக்கிறதா என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்ட சான்றிதழ்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எல்லா மாடியிலும் படிக்கட்டுக் கதவு சாத்தியே இருக்கிறதா, வாரம் ஒருமுறை யார் பார்க்கிறார்கள்?

உள்ளேயே இருங்கள் என்று சொன்னதற்கு முக்கியமான விலக்கு ஒன்று உண்டு: கட்டடத்தின் வெளிப்பூச்சுப் பலகைகள். 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் டவரில், 4-வது மாடிச் சமையலறை ஃபிரிட்ஜில் தொடங்கிய தீ ஜன்னல் வழியே வெளியே வந்து, சுவரில் பதித்திருந்த அலுமினியப் பலகைகளைப் பிடித்துக்கொண்டது. இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன், அதாவது பிளாஸ்டிக். சுமார் அரை மணி நேரத்தில் 24 மாடிக் கட்டடத்தின் உச்சி வரை ஏறியது. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அறிவுரையை அதிகாலை 2:47-க்குத்தான் விலக்கிக்கொண்டார்கள். 72 பேர் இறந்தார்கள். பலகை, வெப்பக் காப்புப் பொருள் தயாரித்தவர்கள் சோதனை முடிவுகளில் திட்டமிட்டு ஏமாற்றினார்கள் என்று 2024-இல் விசாரணை அறிக்கை சொன்னது. தரச்சான்று என்ற காகிதத்தை நான் ஏன் லேசில் நம்புவதில்லை என்று இப்போது புரிந்திருக்கும். உங்கள் கட்டடத்தின் வெளிச்சுவரில் அலுமினியப் பலகை இருந்தால், உள்ளே இருக்கும் பொருள் என்ன என்று சங்கத்திடம் எழுத்தில் கேளுங்கள். வெறும் சிமென்ட் பூச்சும் பெயின்டும் என்றால் இந்தக் கவலை இல்லை. எதுவானாலும், தீ கட்டடத்தின் வெளிப்பக்கமாக ஏறுவதைக் கண்டால் காத்திருக்காதீர்கள், கிளம்புங்கள்.

உங்கள் வீட்டிலேயே தீ என்றால் கதை வேறு. முதலில் அம்மா. சக்கர நாற்காலி கைக்கெட்டவில்லை என்றால் கனமான போர்வையில் உட்காரவைத்துத் தரையோடு இழுங்கள். வாசலைத் தாண்டியதும் கதவைச் சாத்துங்கள், பூட்ட வேண்டாம். படிக்கட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம், புகை இல்லாத திருப்பத்தில் அவரை உட்காரவைத்து உதவிக்குக் காத்திருங்கள். லிப்ட் வேண்டாம். செட்டுக்குக் கொடுக்க நினைத்த காசை, படியில் சறுக்கி இறக்கும் நாற்காலி ஒன்றுக்குச் சங்கத்தோடு சேர்ந்து போடலாம். ஒரே ஆள் இறக்கிவிடலாம், ஆனால் முன்பே பழகியிருக்க வேண்டும். வாங்கி உறை பிரிக்காமல் வாட்ச்மேன் அறையில் வைப்பதானால் வாங்கவே வேண்டாம்.

தீயணைப்பான் ஒன்று வீட்டில் இருக்கட்டும், தனியாக வாங்குங்கள். 'ரீஃபில்' என்று எடுத்துப்போய் ஸ்டிக்கரை மட்டும் மாற்றிக் கொண்டுவரும் கூட்டம் உண்டு. பழைய பவுடரை உங்கள் கண் முன்னால் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அம்மாவின் படுக்கையைச் சமையலறையை ஒட்டிய அறையிலிருந்து, சாலையைப் பார்த்த ஜன்னல் உள்ள அறைக்கு மாற்றுங்கள். உள்ளே காத்திருக்க நேர்ந்தால் அந்த அறைக்கதவையும் சாத்தி, இடுக்கில் ஈரத்துண்டை அடைத்து, தீயணைப்புத் துறைக்குப் போன் செய்யுங்கள். எந்த பிளாக், எத்தனையாவது மாடி, வீட்டு எண், நடக்க முடியாதவர் ஒருவர், எந்தப் பக்க ஜன்னல்: இந்த ஐந்தையும் ஒரு காகிதத்தில் எழுதி இப்போதே அந்த அறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டு எண்ணே வாயில் வராது.