ஒரு நாற்காலிக்காகவா காங்கிரஸ் உடைந்தது?

கேள்வி: இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் ஒரு தமிழர். அவரே இரண்டு ஆண்டுகளில் வெளியேறினார். ஓர் ஆசனத்துக்காகவா இவ்வளவு கோபம்?
(வாசகர், வவுனியா)

ஆசனம் ஒன்றுதான். ஆனால் அதற்கு எழுத்தில் ஒரு வாக்குறுதி இருந்தது.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜில் படித்தவர்; சிவில் சேவைப் போட்டிப் பரீட்சையில் தேறிய முதல் இலங்கையர்; 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தியவர். இந்த நாட்டில் யார் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்த மனிதருக்கு, இனவாரியாக இல்லாமல் பிரதேசவாரியாகத் தேர்தல் வந்தால் தமிழருக்கு என்ன கிடைக்கும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் நம்பினார். காங்கிரஸில் சேரத் தயங்கிய, தமிழரின் அரசியல் அமைப்பான யாழ்ப்பாணச் சங்கத்தைச் சம்மதிக்க வைத்தவரும் அவரே. மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்குவதை ஆதரிப்போம் என்று சிங்களத் தலைவர்களான ஜேம்ஸ் பீரிஸும் சமரவிக்கிரமவும் 1918 டிசம்பரில் அந்தச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். மறு டிசம்பரில் காங்கிரஸ் பிறந்தது. அருணாசலம் தலைவரானபோது வயது 66.

1921 தேர்தல் வந்ததும், மேல் மாகாணத்தில் தமிழர் எதிர்பார்த்திருந்த கொழும்பு நகர ஆசனத்துக்கு ஜேம்ஸ் பீரிஸ் முன்னிறுத்தப்பட்டார். ஆம், கடிதத்தில் கையெழுத்திட்ட அதே பீரிஸ்.

பாடசாலையில் இதைக் கற்பித்த ஓர் ஆண்டு, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், கடிதம் கையில் இருக்கிறதுதானே, வழக்குப் போட முடியாதா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அருணாசலம் வழக்குப் போடவில்லை. அந்த ஆண்டே தமிழர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1924 ஜனவரியில், தல யாத்திரை போன இடத்தில், மதுரையில் காலமானார்.

ஆளுநர் மானிங்குக்கு இந்தப் பிளவு கசக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட்டுப் போக நான் தயாராக இல்லை.

கேள்வி: அந்தக் காங்கிரஸ் மக்கள் இயக்கமாக இருந்ததா?
(வாசகி, மட்டக்களப்பு)

இல்லை. சட்டத்தரணிகளும் தோட்டச் சொந்தக்காரர்களும் ஆண்டுக்கொருமுறை கூடி ஆங்கிலத்தில் தீர்மானம் நிறைவேற்றிய சபை அது. அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றி ஆராயப் பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, எல்லோருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்டது ஏ. ஈ. குணசிங்கவின் தொழிலாளர் இயக்கம். காங்கிரஸ் பெரியவர்கள் சொத்தும் படிப்பும் உள்ளவர்களோடு நின்றுகொள்ளவே விரும்பினார்கள். அருணாசலத்தின் அண்ணன், நம்முடைய சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். ஏழைக்கு வாக்குக் கொடுக்க அஞ்சுவதில் இரு இனத்துப் பிரபுக்களுக்கும் பிளவே இல்லை! 1931இல் வாக்குரிமை கிடைத்தது அவர்களை மீறித்தான்.

கேள்வி: இராமநாதனின் வண்டியைச் சிங்களத் தலைவர்களே இழுத்தார்கள் என்பது கதையா?
(வாசகர், திருகோணமலை)

நடந்ததுதான். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தை ஒட்டி இராணுவச் சட்டம் பாய்ந்தபோது, சேனநாயக்க சகோதரர்கள் உட்படப் பல சிங்களத் தலைவர்களைச் சிறையில் தள்ளினார்கள். இராமநாதன் சட்டநிரூபண சபையில் முழங்கியதோடு நிற்காமல் இலண்டன் வரை போய் வாதாடினார். திரும்பி வந்தவரின் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாங்களே இழுத்துச் சென்றார்கள். ஐந்தாறு ஆண்டுகள் கழித்துத்தான் அந்த ஒற்றை ஆசனம் கொடுக்க முடியாத பொருளாகிவிட்டது.

கேள்வி: ஐக்கிய தேசியக் கட்சியும் காங்கிரஸும் ஒன்றா?
(வாசகர், கொழும்பு)

ஒன்று என்று சொன்னால் டி. எஸ். சேனநாயக்கவே ஒப்புக்கொள்ளமாட்டார். கம்யூனிஸ்டுகளைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று 1943இல் காங்கிரஸிலிருந்து விலகியவர் அவர். பிறகு 1946இல் ஐக்கிய தேசியக் கட்சியைத் தொடங்கியபோது காங்கிரஸ்காரர்களும், பண்டாரநாயக்கவின் சிங்கள மகா சபையும் அதற்குள் வந்து சேர்ந்தார்கள். 1947 தேர்தலில் 95 ஆசனங்களில் 42 கிடைத்தன. சுதந்திரத்தை வாங்கியது அந்த அரசாங்கந்தான். பழைய காங்கிரஸுக்கு யாரும் முறைப்படி செத்தவீடு நடத்தவில்லை. அருணாசலத்துக்காவது கொழும்பில், பழைய பாராளுமன்றத்தின் பக்கத்தில், ஒரு சிலை நிற்கிறது.