மருத்துவர் பதில்கள்: நடுவானில் உடல்நலம் குன்றினால்

கேள்வி: மஸ்கட்டில் வேலை பார்க்கும் தம்பி, அம்மாவை அங்கே வந்து தங்கும்படி அழைக்கிறான். அம்மாவுக்கு வயது 68. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து தனியாகத்தான் போக வேண்டும். நடுக்கடலுக்கு மேலே ஏதாவது ஆகிவிட்டால் விமானத்தை உடனே இறக்கிவிடுவார்களா?
- வாசகி, தக்கலை

பதில்: பெரும்பாலும் அதற்குத் தேவையே இருப்பதில்லை. ஐந்து விமான நிறுவனங்களில் 2008 முதல் 2010 வரை நேர்ந்த மருத்துவ அவசரங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஏறத்தாழ 604 பயணங்களுக்கு ஒன்றில் இப்படி நேர்கிறது என்றும், அவற்றிலும் நூற்றுக்கு ஏழு விமானங்களே வழிமாற்றி இறக்கப்பட்டன என்றும் கணக்கிட்டது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் மயக்கமோ, மயக்கம் வருவது போன்ற உணர்வோதான்.

விமானத்தினுள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் உள்ளதற்கு ஈடாக, ஏறக்குறைய கொடைக்கானலில் இருப்பதைப் போலவே இருக்கும். காற்றும் மிக வறண்டது. நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் இதைத் தாங்கிக்கொள்வார்கள். ஆனால் அதிகாலை விமானத்துக்காக நள்ளிரவிலேயே காரேறி, களியக்காவிளை தாண்டிப் போய், வரிசை வரிசையாக நின்று, கழிப்பறைக்குப் போக நேருமே என்று தண்ணீரும் குடிக்காமல், வெறும் வயிற்றோடு இன்சுலினை மட்டும் போட்டுக்கொண்டு இருக்கையில் அமரும் அம்மாக்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வழக்கமான வேளை மாறுவதால், அன்றைய இன்சுலின் அளவை உங்கள் மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின், மாத்திரைகள், மருந்துச் சீட்டு, சர்க்கரை பார்க்கும் கருவி, கொஞ்சம் பிஸ்கட் ஆகியவை கைப்பையிலேயே இருக்கட்டும். பெரிய பெட்டியில் போட்டுவிட்டால் நடுவானில் எவராலும் எடுத்துத் தர இயலாது, சரக்கறைக் குளிரில் இன்சுலின் உறைந்து கெடவும் கூடும். அம்மா தனியாகப் போவதால், நோய்களையும் மருந்துகளையும் தம்பியின் தொலைபேசி எண்ணையும் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சீட்டைக் கடவுச்சீட்டுக்குள் வைத்துவிடுங்கள். சக்கர நாற்காலிக்கும் முன்பே சொல்லிவைக்கலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மயக்கம் வந்தால் பணியாளர்கள் படுக்கவைத்துக் காலை உயர்த்துவார்கள். தேவைப்பட்டால் ஆக்சிஜன் தருவார்கள். பயணிகளில் மருத்துவர் உண்டா என்று அறிவிப்பார்கள். பல நிறுவனங்களில் தரையிலுள்ள மருத்துவரிடமும் ஆலோசனை கேட்கும் வசதி உண்டு. வழிமாற்றி இறக்குவதா என்ற முடிவு தலைமை விமானியுடையது. அண்மையில் மாரடைப்போ அறுவை சிகிச்சையோ நடந்திருந்தால் மட்டும், மருத்துவரின் ஒப்புதலும் விமான நிறுவனத்தின் அனுமதியும் இல்லாமல் புறப்படக் கூடாது.

கேள்வி: என் மகள் செவிலியர். விமானத்தில் யாராவது மயங்கினால் அவள் உதவப் போகலாமா? பின்னால் வழக்கு வருமா?
- வாசகர், கருங்கல்

பதில்: தாராளமாகப் போகலாம். அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இப்படி உதவும் மருத்துவர், செவிலியர்களுக்கு, பெரும் கவனக்குறைவு இல்லாதவரை, பாதுகாப்பளிக்கிறது. மற்ற நாடுகளில் சட்டம் வேறுபடும். தாம் செவிலியர் என்பதை முதலிலேயே சொல்லி, பயிற்சி பெற்றதை மட்டும் செய்து, மருந்து கொடுப்பதானால் தரையிலுள்ள மருத்துவரைக் கேட்கும்படி பணியாளரிடம் கோரினால் போதும்.