வாசகர் கேள்வி: முதலாளி மௌத்தாகிவிட்டார் (இறந்துவிட்டார்), நான் யாரிடம் போவேன்?

கேள்வி: இருபது வருஷத்துக்கு முன் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். பில் போடாமல் துணி விற்று, கொஞ்சம் கொஞ்சமாக 14,000 ரூபாய் வரை எடுத்துவிட்டேன். முதலாளி இப்போது மௌத்தாகிவிட்டார். ஐந்து வேளை தொழுகிறேன், ரமலான் இரவுகளில் அழுது தவ்பா (பாவமன்னிப்புக் கேட்பது) செய்கிறேன், மனசு ஆறவில்லை. சில நேரம், கேட்பதற்கு அங்கே ஒருவன் இருக்கிறானா என்றே தோன்றிவிடுகிறது. அப்படித் தோன்றியதை நினைத்தும் பயமாக இருக்கிறது. எனக்கு மன்னிப்பு உண்டா?
— பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், மேலப்பாளையம்

பதில்: உண்டு. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தச் சந்தேகத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். நபித்தோழர்கள் சிலர் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்து, "வாயால் சொல்லவே முடியாத எண்ணங்கள் மனசில் வருகின்றன" என்று முறையிட்டார்கள். "அப்படியா உணர்கிறீர்கள்?" என்று கேட்டார்கள் நபியவர்கள். "ஆம்" என்றார்கள். "அதுதான் தெளிவான ஈமான் (இறைநம்பிக்கை)" என்று பதில் வந்தது. 'ஸஹீஹ் முஸ்லிம்' என்ற தொகுப்பில் உள்ள ஹதீஸ் (நபிமொழி) இது. படைத்தவன் இல்லை என்று முடிவு கட்டியவனுக்கு அந்த எண்ணம் வந்தால் உறுத்தாது. உங்களுக்கு உறுத்துகிறது, தூக்கம் கெடுகிறது. பத்ருப் போருக்குப் பிறகு கைதிகளைப் பற்றிப் பேச மதீனாவுக்கு வந்த ஜுபைர் இப்னு முத்இம் அப்போது ஈமான் கொள்ளாதவர். மக்ரிப் தொழுகையில் நபியவர்கள் குர்ஆனின் தூர் அத்தியாயம் ஓதுவது காதில் விழுந்தது. "எதுவுமின்றித் தாமாகவே படைக்கப்பட்டார்களா, இல்லை, இவர்களேதான் படைப்பாளர்களா?" என்ற வசனம் வந்தபோது நெஞ்சு பறந்துவிடும்போல் இருந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். அந்த 52:35-ஐ ஓர் இரவு நிதானமாக ஓதிப் பாருங்கள்.

இனி பணத்துக்கு வருவோம். அல்லாஹ்வின் மன்னிப்புக்கு எல்லை இல்லை என்பதை ஜும்ஆ பயானில் எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். நூறு கொலை செய்தவனுக்கும் மன்னிப்பு கிடைத்த ஹதீஸும் தெரிந்திருக்கும். தன் நஃப்ஸுக்கே, அதாவது தனக்கே, அநியாயம் செய்துகொண்டவர்களைப் பார்த்துத்தான் குர்ஆன் 39:53-இல் "என் அடியார்களே" என்று அல்லாஹ் கூப்பிடுகிறான். ஆனால் மார்க்க அறிஞர் இமாம் நவவி தவ்பாவுக்கு நிபந்தனைகளை எழுதும்போது, பாவத்தை விட்டுவிடுவது, வருந்துவது, திரும்பச் செய்யமாட்டேன் என்று உறுதிகொள்வது என்ற மூன்றோடு நிறுத்தவில்லை. இன்னொரு மனிதனின் ஹக்கு (உரிமை) இருந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பது நான்காவது. அல்லாஹ்வின் பாதையில் உயிர் கொடுத்த ஷஹீதுக்கே கடனைத் தவிர மற்றதெல்லாம் மன்னிக்கப்படுகிறது என்பது ஹதீஸ். நீங்கள் முதல் மூன்றையும் அழுது அழுது செய்துவிட்டீர்கள். நான்காவது பாக்கி. மனசு ஆறாதது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

இதை உங்களிடம் ஒரு ஆலிமாக (மார்க்க அறிஞராக) மட்டும் சொல்லவில்லை. எனக்குச் சொந்த ஊர் பத்தமடை. வாப்பாவுக்கு மளிகைக்கடை. பதினேழு வயதில் நான் கல்லாவில் உட்காருவேன். சினிமாவுக்கு எடுத்த காசை ஈடுகட்ட, பாய் நெய்யும் ஒரு பெரியம்மாவின் பற்று நோட்டில் எட்டு ரூபாய் கூட எழுதினேன். அவர்களுக்கு எழுத்து தெரியாது. பாய் விற்ற காசை முந்தானையிலிருந்து அவிழ்த்து எண்ணி வைத்தார்கள். கோரை கீறிக் கீறி வெடித்த விரல்கள். ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டு, மறுபடி எடுத்துப் பார்த்து, மறுபடி வைத்தார்கள். நான் நோட்டை மூடினேன்.

மதரஸாவில் ஓதி முடித்த பிறகு தேடிப்போனபோது அவர்கள் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்த ஊரை விசாரித்துப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அந்த லாத்தா (அக்கா) கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உம்மாவுக்கு அது தெரியும். கடையில வாங்குனதுக்கெல்லாம் கயித்துல முடிச்சுப் போட்டு வச்சிருக்கும். அந்த மாசம் கணக்கு ஒத்துவரல. 'கேட்டா அந்தப் பிள்ளைய அவன் வாப்பா அடிச்சுருவாரு, நான் பொருந்திக்கிட்டேன்'னு சொல்லுச்சு" என்றார்கள். காசை வாங்க மறுத்தார்கள். வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் கேட்பதற்குப் பத்து வருஷம் முன்பே எனக்கு மன்னிப்பு கிடைத்திருந்தது. எனக்குத்தான் தெரியாது. தவ்பா என்ற சொல்லுக்குத் திரும்புதல் என்று பொருள். குர்ஆன் அதை அடியானுக்கும் சொல்கிறது, அல்லாஹ்வுக்கும் சொல்கிறது. தபூக் போருக்குப் போகாமல் பின்தங்கிய கஅப் இப்னு மாலிக் உட்பட மூன்று பேரோடு ஐம்பது இரவுகள் ஊரே பேசவில்லை. அவர்களைப் பற்றி இறங்கிய 9:118, "அவர்கள் திரும்புவதற்காக அவன் அவர்கள் பக்கம் திரும்பினான்" என்கிறது. முதலில் அவன், பிறகுதான் அடியான். ரமலான் இரவில் உங்களுக்கு அழுகை வருகிறதே, அதைக் கொடுத்தது யார்?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பணம் இப்போது முதலாளியின் வாரிசுகளுடையது. மனைவியையோ பிள்ளைகளையோ கண்டுபிடியுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் மாதம் ஐந்நூறு, ஆயிரமாகக் கொடுங்கள். நேரில் சொன்னால் பெரிய சிக்கல் வரும் என்றால், "உங்கள் வாப்பாவுக்கு நான் தரவேண்டிய பாக்கி" என்ற அளவில் சொல்லிக் கொடுக்கலாம், அதுவும் பொய்யில்லை. எவ்வளவு தேடியும் வாரிசு யாரும் கிடைக்காவிட்டால் அவர் பெயரால் ஏழைகளுக்கு ஸதகா செய்யுங்கள். பிறகு எப்போதாவது வாரிசு வந்து கேட்டால் அவருக்கும் கொடுக்கத் தயாராக இருங்கள். இந்த வாரமே முதல் தொகையை எடுத்து வையுங்கள்.

கேள்வி: எனக்கு அரபி ஓத வராது. தமிழில் பாவமன்னிப்புக் கேட்டால் ஏற்றுக்கொள்ளப்படுமா?
— வாசகி, திருவாரூர்

பதில்: தாராளமாகக் கேளுங்கள். தொழுது முடித்த பிறகு கேட்கும் துஆவுக்கு மொழித் தடை எதுவும் இல்லை. "எங்களுக்கு நாங்களே அநியாயம் செய்துகொண்டோம்" என்று ஆதம் நபியும் ஹவ்வா அம்மையாரும் கேட்ட துஆ 7:23-இல் இருக்கிறது. அதன் பொருளைத் தமிழில் சொன்னாலே போதும். என் உம்மாவுக்கும் அரபி சரியாக வராது. சுபுஹு தொழுதுவிட்டு முஸல்லாவில் (தொழுகை விரிப்பில்) உட்கார்ந்தபடியே, "யா அல்லாஹ், நேத்து மருமகள கோவத்துல பேசிட்டேன், பொறுத்துக்கோ" என்பார்கள். பிறகு முஸல்லாவை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் என் மனைவியிடமும் அதையே சொல்வார்கள்.